‘ஓம், விளங்குது’: தியாகராய நகரில் கைமாறிய இரண்டு அறைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அக்கா வீட்டு அலுமாரியில் கலியாணக் கணக்குக்கென்று ஒரு தடித்த ஃபைல் இருக்கிறது. கூறைச்சேலை பில், மண்டபத்துப் பற்றுச்சீட்டு, மேளகாரருக்குக் கொடுத்த முற்பணத் துண்டு என்று எல்லாம் அதற்குள். அவற்றுக்கு நடுவில் 2,688 இந்திய ரூபாவுக்கு உள்ளங்கையளவு பில் ஒன்று கிடக்கிறது. சென்னையில் ஒரு லொட்ஜில் விடிய ஏழு மணிக்கு மன்றாடி வாங்கியது. அது கையில் இல்லாதிருந்தால் எங்களுக்கு ஒரு சதமும் திரும்பி வந்திராது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். நடந்ததை நாள், நேரம், தொகையோடு எழுதி வைக்காவிட்டால் நித்திரை வராது. ஹொட்டலின் பெயரையும் முற்பதிவுச் செயலியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இதே கதை வேறு பெயர்ப்பலகைக்குக் கீழும் நடக்கக்கூடியதுதான்.

பின்னணி

எங்கள் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் விமானம் ஓடத் தொடங்கியது. கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. 2024 செப்டெம்பரில் இன்னொரு நிறுவனமும் சேர்ந்துகொண்டது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் கால் கடுக்கக் காத்திருந்து போன பயணம் இப்போது ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிகிறது. அதனால் கலியாண வீடு என்றால் சேலை எடுக்கச் சென்னைக்கு ஒரு நடை போவது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது.

2025 பெப்ரவரியில் நாங்கள் நாலு பேர் போனோம். அக்கா, அத்தான், அவர்களுடைய மகள், நான். மகள் எனக்குப் பெறாமகள்; ஆவணியில் அவளுக்குத்தான் கலியாணம். இரண்டு அறை, மூன்று இரவு. அறைகளை எடுத்துத் தந்தவன் ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் தம்பி. கலியாணத்துக்குத் தன் பங்கு என்று அவனாகவே கேட்டுச் செய்தான், அதில் அவனைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அவன் செய்த மூன்று விஷயம் பின்னால் எங்களைச் சுற்றிப் பிடித்தது. ‘பணம் திரும்பாது’ என்று போட்டிருந்த மலிவு விலையைத் தேர்ந்தான். தன் செயலிக் கணக்கிலிருந்தே பதிந்து, தங்குபவர் என்று அத்தானின் பெயரைப் போட்டான். தன் கனடா அட்டையில் காசைக் கட்டினான். அறை ஒன்று இரவுக்கு 3,200 இந்திய ரூபா, வரியும் சேர்த்து; மொத்தம் 19,200.

படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். வெள்ளை விரிப்பு, பெரிய யன்னல், யன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அக்கா அந்த வேப்பமரத்தை இரண்டு மூன்று தரம் பெரிதாக்கிப் பார்த்தாள்.

விமானத்தில் வருகை அட்டை தந்தார்கள். இந்தியாவில் தங்கும் முகவரி என்ற இடத்தில் அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹொட்டலின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அந்த முகவரியில் நாங்கள் ஒரு நிமிடம்கூடப் படுக்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருபது நிமிடம்

மாலை ஆறு மணிக்குப் போய் இறங்கினோம். படத்தில் கண்ட அதே ஹொட்டல்தான், அதில் பொய்யில்லை. கண்ணாடிக் கதவு, பிள்ளையார் சிலை, அதற்கு மல்லிகைச் சரம். மேசையில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அத்தான் நாலு பாஸ்போட்டையும் அடுக்கி நீட்டினார். மேல் அட்டையைப் பார்த்ததும் பையனின் கை நின்றது.

“ஸ்ரீலங்காவா சார்? ஃபாரினர்ஸுக்கு இந்தப் பிராஞ்ச்ல ரூம் தர்றதில்ல. பக்கத்துலயே நம்ம இன்னொரு பிராஞ்ச் இருக்கு சார். அதே ரேட், அதே வசதி. ஆட்டோ நாங்களே சொல்லிடறோம். ஓகேவா சார்?”

அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு, “ஓம், விளங்குது” என்றார்.

இதன் பொருள் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரியும். நீ சொல்வது காதில் விழுந்தது, அவ்வளவுதான். சம்மதம் இன்னும் வரவில்லை. மாவட்ட அலுவலகமான கச்சேரியிலும் வங்கியிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் “ஆனால் தம்பி” என்று அடுத்த பேச்சைத் தொடங்குவோம். பையனுக்கு ‘ஓம்’ விளங்கியதோ என்னவோ, தலையாட்டல் நன்றாக விளங்கிவிட்டது. அத்தான் ‘ஆனால்’ என்று வாயைத் திறப்பதற்குள் அவன் ஆட்டோவுக்கு அழைத்துவிட்டான்.

“மனேஜரோட ஒருக்காக் கதைக்கலாமோ?” என்று நான் கேட்டேன்.

“கதையெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், ரூல்ஸ்தான்” என்றான். கதை என்றால் அவர்களுக்குக் கட்டுக்கதை. பேச வேண்டும் என்று கேட்டிருக்கலாம், ஆனால் எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. ஒரே மொழி என்று நம்பிப் போகிறவர்கள் இப்படி நாலைந்து சொல்லில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள்.

அத்தான் ஏன் அந்த ‘ஆனால்’ஐ விழுங்கினார் என்று பிறகுதான் சொன்னார். 1992இல் அவர் சென்னையில் ஒரு லொட்ஜில் எட்டு மாதம் இருந்தவர், ஐரோப்பாவுக்குப் போகவென்று. போவது சரிவரவில்லை. 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அங்கே இருந்த இலங்கைத் தமிழருக்குப் பொலிஸில் பதிவு, விசாரணை என்று எப்படிப்பட்ட காலம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். முப்பது வருடம் கழித்து ஒரு சின்னப் பையன் பாஸ்போட்டைப் பார்த்துக் கையை நிறுத்தியதும் அவருடைய முதுகு தானாகக் கூனிவிட்டது. வாடிக்கையாளராக உள்ளே போனவர், அகதியாக வெளியே வந்தார். என் கணக்கில் இந்த வழக்கின் மிகப் பெரிய நட்டம் அதுதான். அதற்கு எந்தச் செயலியிலும் பெட்டி இல்லை.

சரி, ‘ரூல்ஸ்’ என்று அவன் சொன்னது என்ன? இந்தியாவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு இடம் கொடுக்கும் ஹொட்டலோ வீட்டுக்காரரோ, வந்து 24 மணித்தியாலத்துக்குள் அவருடைய பாஸ்போட், விசா விவரங்களைக் குடிவரவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அப்போது அந்தப் படிவத்துக்குப் பெயர் ‘ஃபார்ம் சி’. 2025 செப்டெம்பர் 1 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. தெரிவிக்க வேண்டிய கடமை அதிலும் இருக்கிறது. இது தகவல் கொடுக்கும் கடமைதான், வெளிநாட்டவரைச் சேர்க்காதே என்ற தடை கிடையாது. ஆனால் அதற்குக் கணக்குத் திறக்க வேண்டும், ஆளுக்கு ஆள் விவரம் ஏற்ற வேண்டும், பிழை விட்டால் கேள்வி வரும். சிறிய ஹொட்டல்கள் பல அந்தத் தலையிடியே வேண்டாமென்று, வெளிநாட்டுப் பாஸ்போட்டைக் கண்டால் கையை விரித்துவிடுகின்றன. தமிழ் கதைக்கிற முகத்தைப் பார்த்து எங்களை வெளிநாட்டவர் என்று நினைப்பதில்லை, அட்டையைப் பார்த்துத்தான் நினைவு வருகிறது.

அந்த இருபது நிமிடத்தில் எங்கள் கையில் இருந்த பிடி எது என்று இப்போது தெரிகிறது. ‘பணம் திரும்பாது’ என்ற நிபந்தனை, நாங்கள் வராமல் விட்டால் எங்களைக் கட்டும். வந்து நின்றவருக்கு ஹொட்டல் அறை தராவிட்டால் அது வேறு கணக்கு. “அறை தரமாட்டீர்கள் என்றால் உங்கள் பக்கத்தில் ரத்துச் செய்யுங்கள், அல்லது தரவில்லை என்று இந்த முற்பதிவுத் தாளில் ஒரு வரி எழுதித் தாருங்கள்” என்று கேட்டிருக்க வேண்டும். தம்பிக்கு அப்போது காலை ஏழரை. வேலைக்குப் புறப்படும் நேரம். ஹொட்டலின் வைஃபையைக் கேட்டு வாங்கி அவனை அழைத்திருந்தால், ஹொட்டல் எங்களை ஏற்கவில்லை என்று அவன் அந்த நிமிடமே செயலிக்காரருக்குச் சொல்லியிருப்பான். அப்படிச் சொன்னால் வேறு இடம் பார்த்துத் தருவது பெரிய செயலிகளில் வழக்கமும்கூட. நாங்கள் இதில் ஒன்றும் செய்யவில்லை. பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினோம்.

அந்த அறை

‘இன்னொரு பிராஞ்ச்’ ஒரு சந்துக்குள் இருந்தது. பெயர் வேறு. லிஃப்ட் கதவில் நாடா ஒட்டியிருந்தது.

“இஞ்சருங்கோ, மூண்டாம் மாடியாம், லிஃப்ட் வேலை செய்யேல்லையாம்” என்றாள் அக்கா. அத்தானுக்கு முழங்கால் வருத்தம். பிடிச்சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. சாக்கடை நாற்றம், குளியலறையிலிருந்து. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். எனக்கு அது பழகிய நாற்றம். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் லண்டனிலும் நோர்வேயிலும். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர்கள் வருவதற்கு முதல்நாள் திறப்பை வைத்திருக்கிற நான்தான் போய்த் திறந்து துடைப்பேன். குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற வாய்க்குக் கீழே குழாய் வளைந்திருக்கும், அந்த வளைவில் இரண்டங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்கும். கீழேயிருக்கிற காற்று மேலே வராமல் தடுக்கும் மூடி அந்தத் தண்ணீர்தான். நாளாக யாரும் குளிக்காவிட்டால் அது வற்றிவிடும், நாற்றம் ஏறிவிடும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கால் மணித்தியாலத்தில் அடங்கும். ஊற்றினேன், அடங்கியது.

ஆனால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒன்று மனதில் பட்டது. இது நேற்றுவரை ஆட்கள் தங்கிய அறையில்லை. வழக்கமாக விற்காத அறையை எங்களுக்காகத் திறந்திருக்கிறார்கள்.

யன்னல் இருந்தது. திறந்தால் ஒரு முழத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர், சுவரில் ஏசி இயந்திரங்கள் வரிசையாக. வேப்பமரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சுடுதண்ணீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். ஏசியின் ரிமோட் கீழே மேசையில்; வேண்டுமானால் போய்க் கேட்க வேண்டும், மூன்று மாடி இறங்கி. இதெல்லாம் எரிச்சல். எரிச்சலுக்குக் காசு திரும்பாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் திரும்பினோம். பெறாமகள் விரிப்பை மூலையில் தூக்கிப் பார்த்தாள். “சித்தி, இதில ஒருக்கா ரோச் லைற் அடியுங்கோ.”

மெத்தையின் தையலோரம் முழுக்க மிளகை இடித்துத் தூவினதுபோலக் கறுப்புப் புள்ளிகள். கட்டில் தலைமாட்டுப் பலகை இடுக்கில் ஒன்று அசைந்தது. மூட்டைப்பூச்சி. பகலில் இடுக்குக்குள் கிடக்கும், இரவில்தான் வெளிக்கிடும். கடியைவிட மோசம், அது பெட்டியின் மடிப்புக்குள் ஏறிக் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். பருத்தித் துணியைக் கொதிதண்ணீரில் போடலாம். பட்டுச்சேலையை என்ன செய்வது? நல்லகாலம், சேலைகள் அடுத்த நாள்தான் வாங்குவதாக இருந்தது. கூறையோடு அந்த அறையில் படுத்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

பெட்டிகளைக் கட்டிலுக்குத் தூரமாகக் குளியலறைக்குள் தூக்கி வைத்தோம். மற்ற அறை மெத்தையையும் பார்த்தோம், அதில் புள்ளி குறைவு.

“இந்த நேரத்தில எங்க போறது? மூண்டு நாள்தானே, சமாளிப்பம்” என்றார் அத்தான்.

“மூண்டு நாளோ? எனக்கு மூண்டு நிமிசம் இருக்கேலாமல் கிடக்கு” என்றாள் அக்கா.

போகத்தான் வேண்டும் என்று பெறாமகள் நின்றாள். நான் அத்தான் பக்கம் நின்றேன், அந்த ஒரு இரவுக்கு மட்டும். தெரியாத ஊர், இரவு பத்து மணி, நாலு பெட்டி, முழங்கால் வருத்தக்காரர். பின்னால் செயலிக்காரர் “ஒரு இரவு தங்கினீர்கள்தானே” என்று இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த முடிவைப் பிழை என்று நான் எழுதமாட்டேன்.

அந்த இரவில் நடந்த ஒரே கெட்டிக்காரத்தனம் பெறாமகளுடையது. படுக்க முதல் லொட்ஜின் வைஃபையில் மாமாவுக்கு ஏழு படமும் ஒரு குரல் பதிவும் அனுப்பினாள். இரவு 9.40. ரொறன்ரோவில் காலை 11.10. அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டு, படங்களை அப்படியே செயலியின் அரட்டைப் பெட்டியில் போட்டு, ‘இது நான் பதிந்த இடமா?’ என்று ஒரு வரி எழுதினான். பதில் வரவில்லை. ஆனால் முறைப்பாடு தங்கின அன்றே பதிவாகிவிட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதியிருந்தால் அந்தப் படங்களை எங்கேயும் எடுத்திருக்கலாம் என்று சொல்ல இடம் இருந்திருக்கும்.

பெரிய கட்டிலில் நால்வரும் மாறி மாறி இருந்தோம். யாரும் படுத்ததாக நினைவில்லை.

2,688 ரூபா

விடிய ஏழு மணிக்குக் கீழே இறங்கினோம். இரவு வேலைக்காரர் ஒரு வயதானவர், நல்ல மனிசன். படிகளில் அத்தானின் பெட்டியைத் தானே தூக்கி வந்தார். “ஐயா, பில் ஒண்டு தாங்கோ” என்று கேட்டேன்.

“ஏற்கனவே பே பண்ணிட்டீங்களேம்மா, பில் எதுக்கு?”

“கணக்குக்கு.”

வேறு காரணம் ஒன்றும் அப்போது என் மனதில் இருக்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம், துண்டில்லாமல் காசு கைமாறக் கூடாது. அவர் இரண்டு தரம் மறுத்தார். நான் கதிரையில் இருந்துவிட்டேன். கடைசியில் கணினியில் எதையோ தட்டி அச்செடுத்துத் தந்தார். அறை ஒன்று 1,200, இரண்டுக்கு 2,400. மத்திய, மாநில வரி ஆறு ஆறு வீதம், 144 இரண்டு தரம். மொத்தம் 2,688. மேலே லொட்ஜின் பெயர், சந்தின் முகவரி, வரிப் பதிவு இலக்கம்.

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அந்தத் தாளை ஒழுங்காக வாசித்தேன். நாங்கள் 6,400 கொடுத்த இரவுக்கு அவர்களே போட்ட விலை 2,688. இடத்தின் பெயரும் வேறு.

புது ஹொட்டல் ஒன்றை நேரில் போய், அறையை ஏறிப் பார்த்து, மெத்தையைத் தூக்கிப் பார்த்து, பாஸ்போட்டை முதலில் நீட்டி, பிறகுதான் காசு கொடுத்தோம். இரண்டு இரவுக்கு 16,000. அங்கிருந்த அம்மா பாஸ்போட்டுகளை வாங்கிப் பத்து நிமிடத்தில் விவரம் ஏற்றி முடித்தார். அவ்வளவு சின்ன வேலை அது.

சேலைகள் நல்லதாக அமைந்தன. அது இந்த ஆய்வுக்குள் வராது.

காசு திரும்பின கதை

திரும்பி வந்து முதல் கடிதத்தை நான் எழுதினேன். மூன்று பக்கம். விமானம் பிந்தியது, முழங்கால், வேப்பமரம், 1992 எல்லாம் அதில் இருந்தது. பெறாமகள் ஆங்கிலத்தில் மாற்றித் தர, தம்பி தன் கணக்கிலிருந்து அனுப்பினான். பதினொரு நாள் கழித்து நாலு வரிப் பதில். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், இது பணம் திரும்பாத முற்பதிவு, எங்கள் பதிவின்படி விருந்தினர் தங்கியிருக்கிறார்.

அந்தக் கடைசி வாசகத்தை நான் பல தரம் வாசித்தேன். எங்கள் பதிவின்படி விருந்தினர் தங்கியிருக்கிறார். எங்கே தங்கினார்? முதல் ஹொட்டலில். எங்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, செயலியில் ‘வந்து தங்கிவிட்டார்கள்’ என்று அழுத்தியிருக்கிறார்கள். செயலிக்காரருக்கு அந்தச் சந்தும் லொட்ஜும் இருப்பதே தெரியாது. மூட்டைப்பூச்சிப் படங்களைப் பார்த்தபோது, நல்ல ஹொட்டலில் எடுத்ததாக நினைத்து நம்பாமல் விட்டிருப்பார்கள்.

இரண்டாவது கடிதம் எட்டு வரி. இந்தத் திகதிக்கு இந்த ஹொட்டலில் அறை பதிந்தோம். இலங்கைப் பாஸ்போட் என்று சொல்லி அறை தரவில்லை. எங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறு பெயருள்ள வேறு முகவரிக்கு அனுப்பினார்கள். அதற்கு அந்த இடம் தந்த பில் இது, அவர்களுடைய விலை இது. மூட்டைப்பூச்சி இருந்ததற்கு அன்றிரவே உங்கள் அரட்டையில் போட்ட படங்கள் இவை. காலையில் வெளியேறினோம், அடுத்த இரண்டு இரவுக்கும் வேறு ஹொட்டலுக்குக் கட்டிய பில் இது. பயன்படுத்தாத இரண்டு இரவின் 12,800ஐயும், முதல் இரவின் வித்தியாசம் 3,712ஐயும் திருப்பித் தரவும். பதினாலு நாளுக்குள் பதில் இல்லாவிட்டால் அட்டை வழங்கிய வங்கியில் முறையிடுவோம்.

கடைசி வரி வெறும் மிரட்டல் இல்லை. வாங்கிய சேவை கிடைக்கவில்லை, அல்லது சொன்னபடி இல்லை என்று அட்டை வைத்திருப்பவர் தன் வங்கியில் மறுப்புக் கொடுக்கலாம். பொதுவாக 120 நாள் அவகாசம். ஆனால் அதைக் கொடுக்கக்கூடியவன் தம்பி மட்டும்தான். சென்னையில் நித்திரை முழித்தது நாங்கள், வழக்காளி ரொறன்ரோவில். அவன் வேலைக் களைப்பில் ஒரு கிழமை தள்ளிப்போட்டிருந்தால் நாங்கள் இங்கேயிருந்து போனில் கெஞ்சத்தான் வேண்டியிருந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அட்டையால் கட்டித் தருகிற வழக்கத்தில் இப்படி ஒரு முடிச்சு இருக்கிறது.

இந்தியாவிலேயே முறையிடலாமா என்றும் பார்த்தோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாவட்ட ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், ஐந்து இலட்சம் ரூபா வரை கட்டணமும் இல்லை. “பதினாறாயிரத்துக்கு வழக்குக்குப் போய் அறுபதாயிரத்துக்கு பிளேன் ரிக்கற் எடுக்கிறதோ?” என்று அத்தான் கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 1915 என்று ஒரு நுகர்வோர் உதவி இலக்கம் உண்டு, தமிழிலும் சொல்லலாம். அது இந்தியாவுக்குள் இருந்து அழைக்கிற குறுக்கு இலக்கம். மீனம்பாக்கத்தில் விமானத்துக்குக் காத்திருந்த மூன்று மணித்தியாலத்தில் அழைத்திருக்கலாம். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

இரண்டாவது கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. 12,800 திருப்பித் தரப்படும், முதல் இரவு வித்தியாசத்துக்குக் கூப்பன். அந்த 12,800 இலங்கைக் காசில் 43,000 ரூபாவுக்கு மேல். தம்பியின் அட்டையில் போனது 325 டொலர். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 216 வர வேண்டும், வந்தது 206. போகும்போதும் வரும்போதும் வங்கி பிடித்த வெளிநாட்டு நாணயக் கட்டணம் அந்தப் பத்து டொலர். கூப்பன் தம்பியின் கணக்கில் கிடந்து காலாவதியாகட்டும்.

இடையில் ஒரு நாள் முதல் ஹொட்டலிலிருந்து அழைப்பு வந்தது. பெறாமகள் இணையத்தில் எழுதிய மதிப்புரையை எடுத்துவிட்டால் 3,000 ரூபா அனுப்புவார்களாம். அத்தான் வாங்குவோம் என்றார். அக்கா, “அடுத்ததாப் போற ஆக்கள் எங்கட சனம்தானே” என்றாள். மதிப்புரை அப்படியே இருக்கிறது. அதில் கோபமாக ஒரு சொல்லும் இல்லை. இலங்கைப் பாஸ்போட்டுக்கு இங்கே அறை தரவில்லை, திகதி இது, என்ற இரண்டு வரிதான்.

யாரில் எவ்வளவு

முழுப் பழியையும் லொட்ஜில் போட எல்லாருக்கும் ஆசை, நாற்றமும் பூச்சியும் அங்கேதானே. என் கணக்கு வேறு. லொட்ஜ் தன்னிடம் இருந்த 1,200 ரூபா அறையை 1,200 ரூபா அறையாகத்தான் தந்தது, பில்லிலும் அதையே போட்டது. பூச்சியை விட்டுவைத்ததற்கு அவர்களில் குற்றம் உண்டு. ஏமாற்று நடந்த இடம் மல்லிகைச் சரம் போட்ட மேசை. வெளிநாட்டவரை ஏற்காத ஹொட்டல் அதைச் செயலியில் போட்டிருக்க வேண்டும், அல்லது பதிந்த அன்றே எங்களிடம் கேட்டிருக்க வேண்டும். காசை வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்கள் பெட்டியோடு வந்து நிற்கும்போது சொல்வதில்தான் வியாபாரம் இருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் திரும்பிப் போகமாட்டார்கள்.

எங்களில் உள்ள பிழையையும் எழுதத்தான் வேண்டும். தம்பியின் செயலிக் கணக்கு கனடாவுடையது, தங்குபவர் பெயர் தமிழ்ப் பெயர். நாங்கள் இலங்கைப் பாஸ்போட்டுக்காரர் என்று அந்த ஹொட்டலுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை. பதிந்த அன்று ஒரு வரிச் செய்தி போதும், நாங்கள் போடவில்லை. மலிவு விலையில் மிச்சம் பிடித்தது அறைக்கு 400 ரூபா.

எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாம் திறம் என்றும் சொல்ல வரவில்லை. நல்லூர் 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை விலை எப்படி ஏறும் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தண்ணீர் உவர், விருந்தினருக்கு அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இங்கே அகப்பட்டவர்களுக்கும் வழி இருக்கிறது: சுற்றுலா அதிகாரசபையின் 1912, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. பின்னதற்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி எழுத்தில், மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். அதற்கும் பில் கேட்பார்கள்.

கலியாணம் ஆவணியில் நல்லபடி நடந்தது. தம்பி வந்திருந்தான், 206 டொலரைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. ஐப்பசியில் சமயபுரத்துக்கு ஒரு நேர்த்தி இருந்தது. 2025 மார்ச் 30இலிருந்து பலாலியிலிருந்து திருச்சிக்கும் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது, அதில் போவதென்று முடிவு. இந்த முறை ஹொட்டலுக்கு அத்தான் தானே வட்ஸ்அப்பில் அழைத்தார். நான் பக்கத்தில் தேத்தண்ணியோடு இருந்தேன்.

“தம்பி, நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து கதைக்கிறம். இலங்கைப் பாஸ்போட். அறை தருவீங்களோ?”

“தாராளமா வாங்க சார். ஒரு பிரச்சனையும் இல்ல.”

“ஓம், விளங்குது” என்றார் அத்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“ஆனால் தம்பி, இப்ப சொன்னதை எழுத்தில ஒருக்காப் போட்டுவிடுங்கோ. அது வந்த பிறகுதான் நான் காசு கட்டுவன்.”